கத்தி யார் கையில்?

அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் விலையை ஒப்பிடுகிறார்கள். சிகிச்சைக்கு முன், பின் படங்களை ஒப்பிடுகிறார்கள். அறுப்பவர் யார், மயக்க மருந்து கொடுப்பவர் யார், எந்த அறையில் அது நடக்கிறது? உயிரைத் தீர்மானிக்கும் இந்த மூன்றும் விளம்பரத்தில் வருவதில்லை.

2016 மே மாதம். சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் ஒருவர், நுங்கம்பாக்கத்தில் இருந்த ஒரு முடி நடும் மையத்துக்குப் போனார். பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து, முன்தலையில் நடும் சிகிச்சை. காலையில் போனால் மாலையில் வீடு திரும்பிவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவருக்கோ சிகிச்சையின்போதே உடல்நிலை மோசமானது. கடைசியாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வரை கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

சுகாதாரத் துறை அதிகாரிகள் விசாரிக்கப் போனபோது, அந்த மையம் வைத்திருந்தது சலூன் நடத்துவதற்கான உரிமம்தான் என்று தெரியவந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர், சிகிச்சை முடியும் முன்பே கிளம்பிவிட்டார் என்ற புகாரும் எழுந்தது.

இறந்தவர் இன்னும் சில மாதங்களில் டாக்டராகியிருக்க வேண்டியவர். மருந்தின் அளவு, மயக்க நிலை, இதயத் துடிப்பு எல்லாவற்றையும் பாடமாகப் படித்தவர். பளபளப்பான வரவேற்பறையைப் பார்த்து அவரே நம்பியிருக்கிறார் என்றால், பேருந்து நிறுத்த விளம்பரத்தையும் கைபேசியில் வரும் ரீல்ஸையும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

சொல்லாமல் போகும் ஆபரேஷன்

இந்தச் சிகிச்சைகளுக்குப் போகிறவர்களை வெறும் அழகுப் பைத்தியங்கள் என்று ஒதுக்குவது பெரிய தவறு. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் தன் முன்நெற்றியைப் பற்றிய பேச்சு காதில் விழுந்த மாப்பிள்ளை, மார்பு பெண்களைப் போலப் பெருத்திருப்பதால் சட்டையைக் கழற்றிக் குளிக்கவே கூசும் கல்லூரி மாணவன், பிரசவங்களுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றோடு குனியவும் நிமிரவும் சிரமப்படும் தாய் எனப் பலரும் ஆண்டுக்கணக்கில் வெட்கத்தைச் சுமந்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த வெட்கம் தீரவேண்டும் என்று நினைப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

ஆபத்தும் அதே வெட்கத்தில்தான் இருக்கிறது. குடல்வால் ஆபரேஷன் என்றால் குடும்பமே விசாரிக்கும். மாமா ஒரு டாக்டர் பெயரைச் சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா அங்கே போகாதே என்பார், அண்ணன் கூடவே வந்து காத்திருப்பார். வயிற்றுக் கொழுப்பை எடுப்பதற்கோ முடி நடுவதற்கோ போகிறவர் வீட்டில் சொல்வதே இல்லை. நாலு பேரிடம் கேட்டுச் செய்யவேண்டிய முடிவை, நள்ளிரவில் கைபேசியைப் பார்த்துத் தனியாக எடுக்கிறார்.

பெங்களூரில் 2022 மே 16 அன்று இறந்த கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜுக்கு வயது 21. கொழுப்பைக் குறைக்கும் சிகிச்சைக்காக ஒரு தனியார் கிளினிக்குக்குப் போயிருந்தார். பெற்றோருக்கு முன்கூட்டியே தெரியாது. நிலைமை கைமீறியதும் கிளினிக் ஊழியர்கள் அவரை வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கிருந்த டாக்டர்கள் முக்கால் மணி நேரம் நெஞ்சை அழுத்திப் போராடியும் துடிப்பு திரும்பவில்லை.

போர்டில் இருக்கும் எழுத்துகள்

'காஸ்மெடிக் சர்ஜன்', 'காஸ்மெட்டாலஜிஸ்ட்', 'ஏஸ்தெடிக் ஸ்பெஷலிஸ்ட்' என்றெல்லாம் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். படிக்க அழகாக இருக்கும் இந்தச் சொற்கள் எதுவும் பட்டத்தின் பெயர் அல்ல. இந்திய மருத்துவக் கல்வியில் காஸ்மெடிக் சர்ஜரிக்கென்று தனியாக எம்.சிஎச். என்ற உயர்சிறப்பு அறுவைப் பட்டம் கிடையாது. இருப்பது பிளாஸ்டிக் சர்ஜரி எம்.சிஎச்.; அல்லது தேசியத் தேர்வு வாரியம் வழங்கும் அதற்கு இணையான டி.என்.பி. இப்போது அதை டிஆர்.என்.பி. என்று எழுதுகிறார்கள்.

அந்தப் பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் காலத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எம்.பி.பி.எஸ். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள். பொது அறுவை சிகிச்சையில் எம்.எஸ். மூன்று ஆண்டுகள். அதன்பின் எம்.சிஎச். இன்னொரு மூன்று. ஆக, பதினொன்றரை ஆண்டுகள். இந்த ஆண்டுகளில் பெரும்பகுதி அழகு நிலையத்தின் குளிர்சாதன அறையில் கழிவதில்லை. தீக்காய வார்டு, இயந்திரத்தில் சிக்கித் துண்டான விரலை மறுபடி பொருத்தும் ஆபரேஷன் மேஜை, பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தையின் கட்டில் என்றே கழிகிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவும், கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவும், கோவை கங்கா மருத்துவமனையும் அப்படிப்பட்ட பயிற்சிக் களங்கள். ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது, தோல் எவ்வளவு இழுவையைத் தாங்கும், ரத்த ஓட்டம் நின்றால் சதை எந்த நிறத்துக்கு மாறும் என்பதைக் கைகள் அங்கேதான் கற்றுக்கொள்கின்றன. மூக்கை எடுப்பாக்க வருகிறவருக்கும் பயன்படுவது இந்த அறிவுதான்.

'பிளாஸ்டிக்' என்றால் உடம்புக்குள் நெகிழியை வைப்பது என்று இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். வார்த்து உருவாக்குதல் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இந்தத் துறை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்கு, புனே அருகே நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு உருவாக்கிக் கொடுத்த செய்தி 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் படத்தோடு வந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய சர்ஜன் உடனே கத்தியைத் தூக்கிவிடவில்லை. சடலங்களில் பலமுறை செய்து பழகினார். உயிருள்ள மனிதரிடம் அவர் அதைச் செய்தது 1814இல்.

இன்றோ, இரண்டு நாள் பயிலரங்கில் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினால் போதும் என்ற துணிச்சல் பரவிக்கிடக்கிறது. இதைக் கண்டுதான் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் முடி நடும் சிகிச்சைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட சிகிச்சைகளைத் தொடங்கக் கூடாது என்று ஓர் அரசு அமைப்பே எழுத்தில் சொல்லவேண்டியிருந்தது. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர்களும், தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்து உரிய அறுவைப் பயிற்சி பெற்றவர்களுமே இதற்குத் தகுதியானவர்கள் என்பது ஆணையத்தின் நிலை. முகம், தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். முடித்த பல் மருத்துவர்கள் தங்களுக்கும் அந்தத் தகுதி உண்டு என்கிறார்கள். அந்த வாதம் தனி.

சில மாத இடைவெளியில், உத்தரப் பிரதேசத்தின் கான்பூரில் ஒரே கிளினிக்கில் முடி நட்டுக்கொண்ட இரண்டு பொறியாளர்கள் இறந்துபோனார்கள். சிகிச்சை செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2025 மே மாதம் நீதிமன்றத்தில் சரணடைந்தவர் பல் மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர்.

பட்டம் இருந்தால் மட்டும் போதுமா? எந்தச் சிகிச்சைக்கு எந்தப் பட்டம் என்பதையும் பார்க்கவேண்டும். லேசர், ஃபில்லர், முடி நடுதல் ஆகியவற்றைத் தோல் டாக்டர்கள் பலர் திறமையாகச் செய்கிறார்கள். மூக்கைத் திருத்துவதில் தனிப்பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை நிபுணர்கள் இருக்கிறார்கள். கண் இமையைச் சரிசெய்வதற்கென்றே கண் மருத்துவத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. ஆனால், இமையில் தேர்ந்தவர் வயிற்றுக் கொழுப்பை எடுக்கவும், முடி நடுகிறவர் மார்பை அறுக்கவும் துணிந்தால் அங்கே யோசிக்கவேண்டும்.

சரிபார்ப்பது சில நிமிட வேலை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் டாக்டரின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடலாம். பதிவு எண்ணைக் கிளினிக்கில் பார்வைக்கு வைக்கவேண்டும். மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் அச்சிட வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கவே தேவையில்லை.

மயக்க மருந்து டாக்டரின் பெயர் என்ன?

கவனமாகத் தேடி நல்ல சர்ஜனைக் கண்டுபிடிப்பவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அழகு சிகிச்சை மரணங்களில் கத்தி வழுக்கி உயிர் போவது அபூர்வம். மருந்தின் அளவு கூடுவதால், ஒவ்வாமையால், ரத்தக் கட்டி நுரையீரலை அடைப்பதால், உடம்பில் நீர் கோத்துக்கொள்வதால் உயிர் போகிறது. இவற்றையெல்லாம் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் தலைமாட்டில் உட்கார்ந்து திரையைக் கவனித்துக்கொண்டிருக்கும் மயக்கவியல் நிபுணர்.

மரத்துப்போக ஊசி மட்டும்தான் என்று சொல்வதைக் கேட்டு நிம்மதியடைவதும் தவறு. முடி நடும்போது தலையில் போடும் லிக்னோகெய்னுக்கு ஓர் உச்ச அளவு இருக்கிறது. அட்ரினலின் கலந்து கொடுத்தால் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மில்லிகிராம். ஆறு, எட்டு மணி நேரம் நடக்கும் சிகிச்சையில் உணர்வு திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொண்டே போவார்கள். மொத்தக் கணக்கை யாராவது எழுதிவைக்கவேண்டும். அளவு மிஞ்சினால் முதலில் வாயைச் சுற்றி மரத்துப்போகும், காதில் இரைச்சல் கேட்கும், நாக்கில் உலோகச் சுவை தட்டும். அடுத்து வலிப்பு. அதற்கும் அடுத்தது இதயம் நிற்பது. முதல் அறிகுறியிலேயே கண்டுகொண்டு, 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற கொழுப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினால் பலரைப் பிழைக்கவைக்க முடியும். அந்தக் கரைசல் அறையில் இருக்கவேண்டும்; அதை ஏற்றத் தெரிந்தவரும் இருக்கவேண்டும்.

மும்பையில் 2019 மார்ச்சில் 43 வயதுத் தொழிலதிபர் ஒருவருக்கு ஒரே அமர்வில் 9,000க்கும் மேற்பட்ட முடிவேர்களை நட்டார்கள். வழக்கமாக ஓர் அமர்வில் நடுவது இரண்டாயிரம், மூவாயிரம். சிகிச்சைக்குப் பிறகு முகமும் தொண்டையும் வீங்கி, மூச்சுத் திணறி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அவர் இறந்தார். ஒரே நாளில் முடித்துவிடலாம் என்ற அவசரம் நோயாளிக்கு இருக்கலாம். முடியாது என்று சொல்லவேண்டியது டாக்டரின் கடமை.

கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷனில் ஆபத்து வேறு வடிவத்தில் வருகிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் 1987இல் வெளியிட்ட முறைதான் இன்று பரவலாக இருக்கிறது. நீர்த்த லிக்னோகெய்னும் அட்ரினலினும் கலந்த உப்புநீரைத் தோலுக்கடியில் நிரப்பி, பிறகு குழாயால் கொழுப்பை உறிஞ்சுகிறார்கள். ரத்தம் குறைவாகப் போவதால் இது பழைய முறையைவிடப் பாதுகாப்பானது. ஆனால் உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் கணக்கில் இருக்கவேண்டும். மொத்தம் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் பெரிய அளவு என்று சர்ஜன்கள் வகைப்படுத்துகிறார்கள்; அன்றிரவு மருத்துவமனைக் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்கிறார்கள். அமெரிக்க சர்ஜன்களிடம் கேட்டுத் தொகுத்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட 5 லட்சம் லைப்போசக்ஷன்களில் 95 மரணங்கள் பதிவாகின. ஏறக்குறைய ஐயாயிரம் பேரில் ஒருவர். அவற்றில் முதலிடம் பிடித்த காரணம் நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்தது.

உடல் எடையைக் குறைக்க லைப்போசக்ஷன் வழி அல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். உடற்பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் கரையாமல் குறிப்பிட்ட இடத்தில் தங்கிவிட்ட கொழுப்பைச் செதுக்குவதற்கே அது. ஒரே நாளில் பதினைந்து கிலோ குறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

ராப் பாடகர் கான்யே வெஸ்ட்டின் தாய் டோண்டா வெஸ்ட், 2007 நவம்பரில் கொழுப்பு நீக்கமும் மார்பக ஆபரேஷனும் செய்துகொண்ட மறுநாள் தன் வீட்டில் மயங்கி விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு கலிபோர்னியா 2009இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அழகுக்கான ஆபரேஷனுக்கு முன் நோயாளிக்கு முறையான உடல் பரிசோதனை நடந்திருக்கவேண்டும், அவரது நோய் வரலாறு எழுத்தில் இருக்கவேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், ரத்தம் உறையும் தன்மை எதையும் பார்க்காமல் தேதி கொடுக்கும் இடங்கள் நம் ஊரிலும் இருப்பதால், இதை அயல்நாட்டுக் கதை என்று விட்டுவிட முடியாது.

அந்த அறையில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018இல். சிகிச்சை தரும் எந்தக் கிளினிக்கும் மருத்துவமனையும் மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாகப் பதிவு செய்து, சான்றிதழைப் பார்வைக்கு வைக்கவேண்டும். நுங்கம்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் அந்தக் காகிதத்தை எழுந்துபோய் ஒருமுறை படிப்பதற்கு வெட்கப்படவே வேண்டாம்.

சான்றிதழைப் படித்த கையோடு ஆபரேஷன் தியேட்டரைப் பற்றியும் கேட்கலாம். ஆக்சிஜன், நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், ஒவ்வாமைக்கு அட்ரினலின், மூச்சுக்குழாய் போடும் கருவி ஆகியவை தயாராக இருக்கின்றனவா? கிளினிக்கில் ஐசியூ இல்லையென்றால், எந்த மருத்துவமனையோடு எழுத்தில் ஏற்பாடு இருக்கிறது? அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்? மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் நாலைந்து நிமிடம் ஆனாலே சேதம் தொடங்கிவிடும். நம் நகரங்களில் மாலை ஆறு மணிக்கு ஒரு சிக்னலைத் தாண்டவே அந்த நேரம் பிடிக்கும்.

ஆபரேஷனே இல்லை, வெறும் ஊசிதான் என்று சொல்லப்படும் ஃபில்லருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. மூக்கிலும் புருவ நடுவிலும் போடும் ஃபில்லர் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். கண் பார்வையே போகலாம். பெரும்பாலான ஃபில்லர்கள் ஹயலுரானிக் அமிலத்தால் ஆனவை என்பதால், அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்தை உடனே செலுத்துவதுதான் முதல் சிகிச்சை. அழகு நிலையத்தில் ஊசி போடுகிறவரிடம் அந்த மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் என்ன படித்திருக்கிறார் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2013இல் வெளியான ப்ரூஸ் கியோ அறிக்கை, ஒரு பேனாவோ பல் துலக்கும் பிரஷ்ஷோ வாங்குகிறவருக்கு இருக்கும் பாதுகாப்புக்கு மேல் ஃபில்லர் போட்டுக்கொள்பவருக்குப் பாதுகாப்பு ஒன்றுமில்லை என்று கண்டித்தது.

பேசியது ஒருவர், அறுத்தது வேறொருவர்

தென் கொரியத் தலைநகர் சியோலின் கங்னம் பகுதி, அழகு ஆபரேஷன்களுக்கு உலகப் புகழ் பெற்றது. 2016 செப்டம்பரில் அங்கே தாடையைச் செதுக்கிக்கொள்ளப் போன கல்லூரி மாணவர் ஒருவர் அளவுக்கு மீறி ரத்தம் போய், சில வாரங்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரது தாய் ஆபரேஷன் தியேட்டரின் கேமரா பதிவைப் போராடி வாங்கினார். நூற்றுக்கணக்கான முறை போட்டுப் பார்த்தார். மகனை அறுப்பதாகச் சொன்ன சர்ஜன் இடையில் வேறு அறைகளுக்குப் போய்விட்டதும், மிச்ச வேலையை அனுபவமில்லாத இன்னொரு டாக்டர் செய்ததும், உதவியாளர்கள் தரையில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததும் அதில் இருந்தன.

அந்தத் தாய் நாடாளுமன்ற வாசலில் பதாகை பிடித்து நின்றார். ஆண்டுகள் ஓடின. 2021 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. நோயாளி மயக்கத்தில் இருக்கும் ஆபரேஷன் தியேட்டர்களில் கேமரா பொருத்துவது அங்கே இப்போது கட்டாயம். நோயாளியோ குடும்பமோ கேட்டால் பதிவு செய்தாக வேண்டும்.

இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லாததால், பெரிய பெயருள்ள டாக்டர் ஆலோசனை சொல்லிவிட்டு, ஆபரேஷனை யார் செய்தார் என்பதே நோயாளிக்குத் தெரியாமல் போக இடமிருக்கிறது. முடி நடும் மையங்களில் துளையிடுவது முதல் நடுவது வரை டெக்னீஷியன்களே செய்துவிடும் பழக்கமும் இருக்கிறது. அதனால்தான் ஒப்புதல் படிவத்தில் அறுக்கப்போகும் டாக்டரின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியமாகிறது.

அந்தப் படிவத்தின் மதிப்பை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் விளக்கியது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த அவரது தாயிடம் மட்டும் கேட்டுவிட்டு டாக்டர் அகற்றிய வழக்கு அது. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள் எல்லாவற்றையும் நோயாளிக்குச் சொல்லி அவரிடமே ஒப்புதல் வாங்கவேண்டும் என்றது நீதிமன்றம். மயக்கத்துக்கு முந்தைய நிமிடத்தில், ஆங்கிலத்தில் அச்சடித்த ஆறு பக்கத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது இந்தத் தீர்ப்பின் உணர்வுக்கே எதிரானது. தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்பதும், முந்தைய நாளே படிவத்தை வாங்கி வீட்டில் வைத்துப் படிப்பதும் நோயாளியின் உரிமை.

ஏழு நாள் அவகாசம்

ஆஸ்திரேலியாவில் 'காஸ்மெடிக் சர்ஜன்' என்று தங்களை அழைத்துக்கொண்ட டாக்டர்களைப் பற்றி 2021இல் தொலைக்காட்சிப் புலனாய்வு ஒன்று வெளிவந்தது. நாடே கொதித்தது. அறுவை சிகிச்சை சார்ந்த துறைகளில் நிபுணராகப் பதிவுபெறாத டாக்டர் யாரும் 'சர்ஜன்' என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் சட்டம் வந்தது. கூடவே புதிய விதிகளும் வந்தன. குடும்ப டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். ஒப்புதல் கொடுத்த பிறகு குறைந்தது ஏழு நாள் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம்.

இங்கே நடப்பது நேர்மாறு. இன்றைக்கே முன்பணம் கட்டினால் முப்பது சதவீதம் தள்ளுபடி, இஎம்ஐ வசதி உண்டு, இந்த வாரமே தேதி இருக்கிறது என்று ஆலோசகர் அவசரப்படுத்துகிறார். அந்த ஆலோசகர் டாக்டர் அல்ல, விற்பனைப் பிரிவில் இருப்பவர். டாக்டர்கள் விளம்பரம் செய்து நோயாளிகளை இழுக்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. விதி டாக்டரைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதனால் விளம்பரம் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. சுவரொட்டியில் நடிகையின் முகம் இருக்கிறது, தொலைபேசி எண் இருக்கிறது, அறுக்கப்போகும் டாக்டரின் பெயர் மட்டும் இருப்பதில்லை.

சிகிச்சைக்கு முன், பின் படங்களும் அப்படித்தான். வெளிச்சத்தையும் முகம் திரும்பும் கோணத்தையும் மாற்றினாலே பாதி வித்தியாசம் வந்துவிடும். இந்த டாக்டர், இந்தச் சிகிச்சையை, நம் வயதும் உடல்வாகும் உள்ள ஒருவருக்குச் செய்து ஓராண்டு கழித்து எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்பதில்தான் பயன் இருக்கிறது.

நல்ல சர்ஜனின் அடையாளங்களில் ஒன்று, அவர் வேண்டாம் என்று சொல்லத் தயங்கமாட்டார். தோற்றத்தில் பிறர் கண்ணுக்கே படாத குறையை நினைத்து நினைத்து வாடும் மனநிலை ஒன்று உண்டு. அப்படிப்பட்டவருக்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் நிம்மதி வராது. அவருக்குத் தேவை மனநல சிகிச்சை. பதினெட்டு வயதுகூட ஆகாத பிள்ளைகளிடமும், புகைபிடிப்பதை நிறுத்தாதவர்களிடமும், கணவரின் வற்புறுத்தலால் வந்த பெண்களிடமும் பொறுப்புள்ள டாக்டர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். முதல் டாக்டர் மறுத்ததை இரண்டாவது இடத்தில் சிரித்த முகத்தோடு ஏற்றுக்கொண்டால், முதலாமவர் ஏன் மறுத்தார் என்று யோசிக்கவேண்டும்.

ஆலோசனை அறையில் கேட்கவேண்டியவை

* உங்கள் பதிவு எண் என்ன? எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு எந்தத் துறையில், எந்தக் கல்லூரியில் பட்டம் பெற்றீர்கள்?
* ஆபரேஷனை முழுவதும் நீங்களே செய்வீர்களா? எந்தக் கட்டத்தை வேறு யார் செய்வார்கள்?
* மயக்கவியல் நிபுணர் யார்? கடைசிவரை உடனிருப்பாரா?
* இதே சிகிச்சையில் உங்கள் நோயாளிகளுக்கு வந்த சிக்கல்கள் என்னென்ன? அவற்றை எப்படிச் சமாளித்தீர்கள்?
* இரவு இரண்டு மணிக்கு ரத்தக் கசிவோ மூச்சுத் திணறலோ வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது? எடுப்பவர் டாக்டரா?
* உள்ளே ஏதாவது பொருத்தினால், அதன் தயாரிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் உள்ள ஒட்டியை என்னிடம் கொடுப்பீர்களா?
* திருத்தம் தேவைப்பட்டால் செலவு யாருடையது?

கடைசிக்கு முந்தைய கேள்வி சிறியதாகத் தோன்றலாம். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிகானை நிரப்பி மார்பகப் பொருத்துகளை விற்றது 2010இல் அம்பலமானது. பல நாடுகளிலும் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் உடம்பில் இருப்பது எந்த நிறுவனத்தின் பொருள் என்று தேடித் தவித்தார்கள். ஒட்டியைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு விடை உடனே கிடைத்தது.

பில்லும் காகிதமும்

பணத்தைப் பற்றியும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பிறவிக் குறையையோ விபத்துக் காயத்தையோ சரிசெய்யும் சிகிச்சை என்றால் ஜிஎஸ்டி இல்லை. அழகுக்காக மட்டும் என்றால் 18 சதவீத வரி உண்டு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களும் அழகு சிகிச்சையைப் பொதுவாக விலக்கிவைக்கின்றன. அதனால் சொல்லப்படும் பேக்கேஜில் தியேட்டர் கட்டணம், மயக்க மருந்து, இரவு தங்கல், மருந்துகள், மறுபரிசோதனை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்கவேண்டும். பாதி விலைக்குச் செய்து தருகிறோம் என்று சொல்பவர் எதைக் குறைத்துக்கொண்டார் என்று யோசித்தால், பெரும்பாலும் மயக்கவியல் நிபுணரோ மருத்துவமனை வசதியோ அதில் காணாமல் போயிருக்கும்.

தவறு நடந்துவிட்டால் கையில் இருக்கவேண்டியது ஆவணம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்பது விதி. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் வி.பி. சாந்தா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். டாக்டரின் நடத்தை மீதான புகாரை மாநில மருத்துவக் கவுன்சில் விசாரிக்கும். ரசீது இல்லாமல் கைக்குக் கை பணம் கொடுத்தவரிடம் இவை எதற்கும் ஆதாரம் இருக்காது.

இவ்வளவையும் விசாரித்துத் தேதி குறித்தபின், ஆபரேஷன் நாள் காலையில் நடக்கவேண்டிய ஒரு காரியம் மிச்சம் இருக்கிறது. கொழுப்பு நீக்கமோ வயிறு, மார்பு ஆபரேஷனோ என்றால், மயக்கம் கொடுப்பதற்கு முன் நோயாளியை நிற்கவைத்துத் தோலில் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் சதையின் வடிவம் மாறிவிடும் என்பதால் நிற்கும்போதே எங்கே அறுப்பது, எங்கே விடுவது என்று குறித்துக்கொள்கிறார்கள். கூச்சமான நிமிடங்கள்தான். வீட்டிலிருந்து ஒருவர் கதவுக்கு வெளியே காத்திருக்க, நோயாளி முழு நினைவோடு நின்று, அந்தப் பேனாவைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்க்கலாம். ஆலோசனை அறையில் பதிவு எண்ணைச் சொன்னவர், ஒப்புதல் படிவத்தில் பெயர் உள்ளவர், கோடு போடுகிறவர் ஆகிய மூவரும் ஒரே ஆள்தானா என்று சரிபார்க்கக் கிடைக்கும் கடைசி நேரம் அது. வேறு யாரோ கோடு போட வந்தால், ஊசி ஏறும் முன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்ப அப்போதும் நேரம் இருக்கிறது.